குடும்ப வரலாறு: ஆண்டுக்கு ஒரு கேள்வி

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

  

சற்று முன்னர் ஜமாஅத்தின் ஆண்டு வரவு செலவுக் கணக்கு இங்கே வாசிக்கப்பட்டது. சென்ற ஆண்டின் இருப்பு, இவ்வாண்டின் வரவு, செலவு, எஞ்சிய தொகை, வரவேண்டிய பாக்கி என ஒவ்வொன்றும் வரிசையாகச் சொல்லப்பட்டு, சபையோரால் ஏற்கப்பட்டது. பொதுச் சொத்துக்கு நாம் காட்டும் இந்த ஒழுங்கு பாராட்டத்தக்கது. ஆயினும் நம் ஒவ்வொருவர் இல்லத்திலும் இதைவிட மதிப்பு வாய்ந்த ஒரு சொத்துக் கணக்கின்றிக் கரைந்துகொண்டிருக்கிறது. நம் முன்னோர் யாவர், எங்கிருந்து வந்தனர், என்ன தொழில் செய்தனர், எங்கே அடக்கமாகினர் என்கிற அறிவே அச்சொத்து. அதற்கும் ஆண்டுதோறும் ஒரு கணக்கு வேண்டும் என்பதை எடுத்துரைக்கவே இந்தச் சிறிய உரை.

குடும்ப வரலாறு என்றவுடன் இது வேலையற்றோர் பொழுதுபோக்கு என்று சிலர் எண்ணலாம். இன்னார் வழிவந்தோம் என்று பெருமை பேசுவதற்கான முயற்சி என்று வேறு சிலர் கருதலாம். குலப்பெருமை நமக்கு விலக்கப்பட்ட ஒன்று. அதற்காக ஒரு நாழிகையும் செலவிடத் தேவையில்லை. நாம் வேண்டுவது உறவின் அறிவு. யார் உறவினர் என்று தெரியாதவர் உறவைப் பேணுவது எங்ஙனம்? ஃபராயிழ் எனும் பாகப்பிரிவினைச் சட்டம் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தார் என்று தொடங்கி, அவர்கள் இல்லாதபோது தந்தைவழித் தூரத்து உறவு வரையில் சென்று உரிமை வழங்குகிறது. அவ்வுறவை அறியாத குடும்பத்தில் ஒருவருக்கு உரிய பங்கு, எவருடைய தீய எண்ணமும் இன்றியே, வெறும் அறியாமையால் பறிபோய்விடுகிறது.

உலகியல் தேவையும் உண்டு. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, 2002, 2005 ஆகிய ஆண்டுகளின் பழைய பட்டியலில் தம் பெயரையோ பெற்றோர் பெயரையோ தேடும் நிலை மக்களுக்கு வந்தது. தந்தையார் அப்போது எந்தத் தெருவில், எந்த வார்டில் இருந்தார், அவர் பெயர் பட்டியலில் எந்த எழுத்தில் பதிவாகியிருக்கும் என்பன திடீரெனப் பெரிய கேள்விகளாயின. அவை இருபது ஆண்டுகளுக்கு முந்தைய செய்திகளே. இருபது ஆண்டுச் செய்திக்கே இத்தனை தேடல் என்றால், நூறாண்டுச் செய்தியின் நிலை என்ன?

ஆர்வம் ஏன் அணைந்துவிடுகிறது?

இவ்வார்வம் நம்மிடம் அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை. திருமண வீட்டில் நான்கு உறவினர் கூடினால் பேச்சு பழங்காலத்திற்குச் செல்கிறது. ஒரு மூதாட்டி மவுத்தான வீட்டில், 'உம்மாவிடம் கேட்டு எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கலாமே' என்று மக்கள் வருந்துகின்றனர். ஒரு பெருநாள் மாலையில் பேரன் ஒருவன் நோட்டுப் புத்தகம் எடுத்துவந்து குடும்ப மரம் வரையத் தொடங்குகிறான். இரண்டு பக்கம் எழுதியபின் நின்றுவிடுகிறது. அடுத்த பெருநாளில் அந்த நோட்டு எங்கே என்று எவருக்கும் தெரிவதில்லை.

இதற்குக் காரணம் சோம்பல் மட்டுமன்று. நாம் வைத்துக்கொள்ளும் இலக்கே முதற்காரணம். 'ஏழு தலைமுறையைக் கண்டுபிடிப்போம்', 'நம் பாட்டனார்களின் பூர்வீக ஊரை இந்த ஆண்டு அறிந்துவிடுவோம்' என்று தொடங்குகிறோம். இவை நம் கையில் இல்லாத இலக்குகள். ஏழாம் தலைமுறையின் பெயர் எந்தத் தாளிலும் எழுதப்படாமலே போயிருக்கக்கூடும். அதனை இலக்காக வைத்தவர் ஓராண்டு அலைந்து, ஒன்றும் கிடைக்காமல், இனி இது வேண்டாம் என்று கைவிட்டுவிடுகிறார்.

விவசாயி 'இந்த ஆண்டு மழை பெய்விப்பேன்' என்று திட்டமிடுவதில்லை. 'வரப்பைக் கட்டுவேன், விதையைச் சேர்ப்பேன்' என்றே திட்டமிடுகிறான். அதுபோன்று நம் ஆண்டு இலக்கும் நம் செயலைக் குறித்ததாக இருத்தல் வேண்டும்; கிடைக்கும் பலனைக் குறித்ததாக இருத்தலாகாது. 'மூன்று மாதத்திற்கு ஒரு பெரியவர் வீதம் இவ்வாண்டில் நால்வரைச் சந்தித்துக் கேட்டு எழுதுவோம்' என்பது நல்ல இலக்கு. 'வீட்டுப் பெட்டியில் உள்ள பத்திரங்களைப் பட்டியலிட்டுப் படம் எடுத்து வைப்போம்' என்பது நல்ல இலக்கு. ஆண்டு இறுதியில் இவற்றை முடித்தோமா இல்லையா என்று ஒரே சொல்லில் விடை கூற இயலும். அவ்விடை நம் வசத்திலும் இருக்கும்.

இனி, எதனை முதலில் செய்வது, எதனைப் பின்னர் செய்வது? இதற்கு ஓர் எளிய விதி உண்டு. எது முதலில் மறையுமோ அதுவே முதலில் செய்யத்தக்கது. அரசு அலுவலகத்துப் பதிவேடு அடுத்த ஆண்டும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். கரையான் தொட்ட பெட்டியிலுள்ள கடிதம் இன்னும் சில மழைக்காலம் தாங்கலாம். எண்பது வயதைக் கடந்த பெரியம்மாவின் நினைவோ அடுத்த மாதம் வரை இருக்கும் என்று உறுதி கூற எவராலும் இயலாது. ஆகவே முதலில் மனிதர், அடுத்து வீட்டுத் தாள்கள், அதன்பின் ஜமாஅத்தின் ஏடுகள், இறுதியில் அரசு அலுவலகங்கள். பலர் இவ்வரிசையைத் தலைகீழாக்கி, முதல் நாளே அலுவலகப் படிகளில் ஏறுகின்றனர். அவர்கள் திரும்பி வரும்போது கேட்பதற்கு வீட்டில் ஆள் இருப்பதில்லை.

முதல் ஆண்டு: மனிதர்கள்

முதல் ஆண்டின் பணி பெரியோரைக் கேட்டல். அதிலும் தாய்மார்களை முதலில் கேட்பது நலம். ஆண்களில் பலர் கொழும்பு, ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் என்று பிழைப்புக்காக ஊரைவிட்டுச் சென்றிருந்த குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அக்காலத்தில் ஊரில் இருந்து, யார் யாருக்குப் பிள்ளை, யார் வீட்டில் யார் பெண் கொண்டனர் என்பதையெல்லாம் மனத்தில் வைத்துக் காத்தவர்கள் பெண்களே. பத்திரத்தில் பெயர் இல்லாதவர்களின் பெயர்கள் அவர்கள் நாவில் இருக்கின்றன. பிறந்து சில நாளில் இறந்த குழந்தைகளின் பெயர்களைக்கூட அவர்கள் மறப்பதில்லை.

'நீங்கள் எந்த ஆண்டில் பிறந்தீர்கள்?' என்று கேட்டால் பெரும்பாலோர்க்கு விடை தெரியாது. ஊரறிந்த நிகழ்ச்சிகளைக் கொண்டு கேட்க வேண்டும். 1941 டிசம்பர் 23-ஆம் நாள் ரங்கூனில் ஜப்பானியர் குண்டு வீசினர்; 1942 மார்ச்சில் அந்நகர் அவர்கள் வசமாயிற்று. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவில் தனுஷ்கோடியைப் புயல் அழித்தது. 'தனுஷ்கோடிப் புயலின்போது உங்கள் மூத்த மகன் நடந்தானா, கைக்குழந்தையா?' என்று கேட்டால் உடனே விடை வரும். அவ்விடையிலிருந்து ஆண்டினை நாம் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

உறவுப் பெயர்களிலும் எச்சரிக்கை தேவை. சில ஊர்களில் தந்தையை 'வாப்பா' என்பர்; வேறு சில ஊர்களில் 'அத்தா' என்பர். 'அப்பா' என்னும் சொல் சில கடற்கரை ஊர்களில் பாட்டனாரைக் குறிக்கும். ஆதலால் 'அப்பா மலாயாவில் இருந்தார்' என்று ஒருவர் சொன்னால், அவர் தந்தையைச் சொல்கிறாரா, தந்தையின் தந்தையைச் சொல்கிறாரா என்று கேட்டுத் தெளிந்து எழுதுதல் வேண்டும். இல்லையேல் ஒரு தலைமுறையே கணக்கிலிருந்து விடுபட்டுவிடும்.

பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் வழக்கம். இதனால் ஒரே குடும்பத்தில் ஒரே பெயருடையோர் மூவர் நால்வர் இருப்பர். முகம்மது என்றும், முஹம்மது என்றும், மஹமது என்றும் ஒருவர் பெயரே மூன்று தாள்களில் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். பெயரை மட்டும் நம்பாது, மனைவியின் பெயர், வீட்டுப் பெயர், தொழில் ஆகியவற்றையும் சேர்த்து எழுதினால்தான் ஆளைப் பிரித்தறிய முடியும். ஊரார் வைத்த பட்டப்பெயரையும் விட்டுவிடலாகாது. கேலியாகத் தோன்றும் அப்பெயரே சில வேளைகளில் அவர் எந்தக் கடையில் பணிபுரிந்தார், எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதற்கு மிஞ்சியிருக்கும் ஒரே சான்று.

மற்றொரு முறையை நாம் எவரிடமும் கடன் வாங்க வேண்டியதில்லை. ஹதீஸ் கலையில் செய்தியோடு அதனை அறிவித்தவர் வரிசையான இஸ்னாதும் சேர்ந்தே வரும். இன்னாரிடமிருந்து இன்னார் கேட்டார் என்ற தொடர் இல்லாத செய்திக்கு அங்கே மதிப்பில்லை. அவ்வொழுங்கை நம் நோட்டிலும் கடைப்பிடிக்கலாம். 'பாட்டனாரின் தந்தை நாகப்பட்டினத்திலிருந்து வந்தார்' என்று மட்டும் எழுதாமல், 'சொன்னவர் இன்னார். அவர் தம் தாயாரிடம் கேட்டது. கேட்டு எழுதிய நாள் இது' என்று எழுதுக. இருவர் முரண்பட்டுச் சொன்னால் இரண்டையும் எழுதுக. எது சரி என்பதைப் பின்னொரு நாள் கிடைக்கும் தாள் ஒன்று சொல்லும்.

இரண்டாம் ஆண்டு: வீட்டுப் பெட்டி

இரண்டாம் ஆண்டின் இலக்கு வீட்டிலுள்ள தாள்கள். பழைய டிரங்குப் பெட்டியில் கிரயப் பத்திரம் மட்டுமே இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். பழைய பாஸ்போர்ட், கப்பல் சீட்டு, மணியார்டர் ரசீது, திருமண அழைப்பிதழ், கடைக் கணக்குப் பேரேடு, கடித உறை என எல்லாமே சான்றுகள். கடிதத்தைவிட உறை முக்கியமான வேளைகளும் உண்டு. கடிதத்தில் நலம் விசாரிப்பு மட்டும் இருக்கும். உறையின் மேல் அனுப்பியவரின் தெருவும், அஞ்சல் முத்திரையின் தேதியும் இருக்கும்.

இவற்றுள் மிகவும் அவசரமானவை அரபுத்தமிழில் எழுதப்பட்ட கடிதங்களும் குறிப்புகளும் ஆகும். அரபு எழுத்தில் தமிழை எழுதும் இம்முறையை நம் பாட்டிமார் பலர் அறிந்திருந்தனர். தமிழ் எழுத்தை அறியாத தாய்மாரும் அரபுத்தமிழில் கடிதம் எழுதினர். இன்று அதனைச் சரளமாக வாசிப்போர் அருகி வருகின்றனர். 'ஏதோ ஓதுகிற தாள்' என்று எண்ணி, கண்ணியம் கருதிக் கடலிலோ கிணற்றிலோ விடப்பட்ட தாள்களுள் எத்தனை குடும்பக் கடிதங்கள் இருந்தனவோ, யாரறிவார்? அரபுத்தமிழ்த் தாள் ஒன்று இருக்குமாயின், அதனை வாசிக்கத் தெரிந்த ஒரு பெரியவரை இவ்வாண்டே கண்டு, வாசிக்கச் செய்து, தமிழ் எழுத்தில் படியெடுத்துக்கொள்வதை முதல் வேலையாகக் கொள்ள வேண்டும்.

பாதுகாக்கும் முறையில் சில எளிய விதிகள் உண்டு. பழைய தாளை லேமினேஷன் செய்யலாகாது. செய்தபின் பிரிக்க இயலாது. கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டலாகாது; அதன் பசை நாளடைவில் தாளைப் பழுப்பாக்கிவிடும். நிழற்படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், படத்திலுள்ளோர் பெயரை எழுதி வைக்கலாம். கைப்பேசியில் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, ஒரு பிரதியை உடன்பிறந்தார் ஒருவர் வீட்டிலும் வைத்தல் வேண்டும். ஒரே வீட்டில் பத்துப் பிரதி இருப்பதைவிட இரண்டு வீடுகளில் இரண்டு பிரதி இருப்பது பாதுகாப்பு.

மூன்றாம் ஆண்டு: பள்ளிவாசலும் மையவாடியும்

மூன்றாம் ஆண்டில் ஜமாஅத்தின் ஏடுகளுக்கு வரலாம். நிக்காஹ் தப்தரில் மணமகன், மணமகள், இருவரின் தந்தையர், வலீ, சாட்சிகள், மஹர் ஆகிய விவரங்கள் ஒருங்கே இருக்கும். சாட்சிகளின் பெயர்களைப் பலர் கவனிப்பதில்லை. பெரும்பாலும் அவர்கள் நெருங்கிய உறவினர்களே ஆதலால், விடுபட்ட கிளையைக் கண்டறிய அப்பெயர்கள் உதவும். நாம் பெண் எடுத்த ஊர், பெண் கொடுத்த ஊர் ஆகியவற்றின் தப்தர்களையும் கேட்டுப் பார்க்க வேண்டும். மணமகள் ஊரில் நிக்காஹ் நடைபெற்றிருந்தால் பதிவு அங்கேதான் இருக்கும். தமிழ்நாட்டில் திருமணத்தை அரசிடம் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கிய சட்டம் 2009-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய நம் திருமணங்கள் பலவற்றிற்கு இந்தத் தப்தரே ஒரே எழுத்துச் சான்று. அது ஈரத்தில் நைந்து போகுமானால் போவது ஒரு புத்தகம் மட்டுமன்று.

மையவாடியில் மீஸான் கற்கள் உள்ளன. எழுத்துள்ள கற்கள் சிலவே. எழுத்துத் தேய்ந்தவை பல. எழுத்தைத் தெளிவாக்கும் எண்ணத்தில் கல்லைச் சுரண்டுவதும், அமிலம் ஊற்றித் தேய்ப்பதும் கூடாது. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்து விழும்போது படம் எடுத்தால் தேய்ந்த எழுத்தும் நிழலில் தெரியும்.

இங்கே ஆண்டுக் கணக்கில் ஒரு தெளிவு வேண்டும். பழைய தப்தரிலும் கல்லிலும் ஹிஜ்ரி ஆண்டே பெரும்பாலும் இருக்கும். ஹிஜ்ரி 1300 தொடங்கியது கி.பி. 1882 நவம்பரில், ஹிஜ்ரி 1400 தொடங்கியது 1979 நவம்பரில். அதாவது ஹிஜ்ரியில் நூறு ஆண்டு கழியும்போது ஆங்கிலக் கணக்கில் 97 ஆண்டுகளே கழிகின்றன. எனவே எல்லா ஆண்டுக்கும் ஒரே எண்ணைக் கூட்டிக் கணக்கிட்டால் பிழை நேரும். வருவாய்த்துறைத் தாள்களில் பசலி ஆண்டு வரும். அது ஜூலை முதல் நாள் தொடங்குவது. பசலியோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1350 என்பது 1940 ஜூலை முதல் 1941 ஜூன் வரை. பிரபவ, விபவ என்னும் தமிழ் ஆண்டுகளோ அறுபதாண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவன. பிரபவ என்றால் 1927-ஆ, 1987-ஆ என்பதை வேறு சான்று கொண்டே முடிவு செய்ய வேண்டும்.

நான்காம் ஆண்டு: அலுவலகங்கள்

இத்தனையும் கையில் கொண்டு நான்காம் ஆண்டில் அரசு அலுவலகத்திற்குச் சென்றால் அலைச்சல் பாதியாகக் குறையும். பெயரும், ஏறத்தாழ ஆண்டும், இடமும் தெரியாமல் சென்று கேட்டால் எந்த அலுவலரும் எதையும் எடுத்துத் தர இயலாது.

சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பத்திரங்களுள் குடும்ப வரலாற்றுக்கு மிகவும் பயன்படுவது பாகப்பிரிவினைப் பத்திரம். கிரயப் பத்திரத்தில் விற்றவரும் வாங்கியவரும் மட்டும் இருப்பர். பாகப்பிரிவினையிலும் விடுதலைப் பத்திரத்திலும் வாரிசுகள் வரிசையாக இருப்பர். ஷரீஅத் சட்டப்படி பெண்மக்களுக்கும் பங்கு உண்டாதலால், வேறெங்கும் எழுதப்படாத நம் பாட்டிமார், பெரிய மாமிமார் ஆகியோரின் பெயர்கள் அங்கே தந்தை பெயரோடும் கணவர் பெயரோடும் கிடைக்கும். நான்கெல்லை விவரத்தில் அண்டை வீட்டாரின் பெயர் இருக்கும்; அவ்வண்டை வீட்டாரும் பல வேளைகளில் நம் பங்காளிகளாகவே இருப்பர். இணையவழி வில்லங்கச் சான்றில் கிடைக்காத பழைய ஆண்டுகளுக்கு உரிய அலுவலகத்தில் மனுச் செய்து, கட்டணம் செலுத்தித் தேடச் சொல்லலாம்.

பிறப்பு, இறப்புப் பதிவில் இன்று நடைமுறையிலுள்ளது 1969-ஆம் ஆண்டின் சட்டம். அதற்கு முன்னரும் சென்னை மாகாணத்தில் 1899-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று இருந்தது. எனவே பழைய பதிவே இராது என்று நாமே முடிவு கட்டிவிடலாகாது. பழைய பதிவில் குழந்தையின் பெயர் இல்லாமல் 'ஆண்', 'பெண்' என்று மட்டும் இருக்கலாம். தந்தை பெயரைக் கொண்டு தேட வேண்டும். சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஆனால் தனி ஒருவரின் பெயரைச் சொல்லித் தேட அது ஏற்ற இடமன்று. ஊர், ஜமீன், துறைமுகம் ஆகியவை பற்றிய பின்னணியை அறிய ஏற்ற இடம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப் படிவங்கள் 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரகசியமானவை. அவற்றைத் தேடிச் சென்று பொழுதை வீணாக்க வேண்டாம்.

கடல் கடந்த கிளைகள்

கடல் கடந்து சென்றோரைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். சிங்கப்பூரில் சூலியா பள்ளி எனப்படும் ஜாமிஆ பள்ளி 1826-இல் தோன்றியது. பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளி 1801-இல் தோன்றியது. இரண்டையும் நிறுவியோர் நம் கடற்கரை முஸ்லிம்களே. நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலாக் கப்பலிலும், பின்னர் 1985 பிப்ரவரியில் தீவிபத்துக்கு உள்ளான சிதம்பரம் கப்பலிலும் சென்று வந்தோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். அவர்களின் பயண நினைவும் குடும்ப வரலாறே. சிங்கப்பூர்த் தேசிய நூலகம் பழைய தமிழ் நாளிதழ்களை இணையத்தில் வைத்துள்ளது. 1935-இல் தோன்றிய தமிழ் முரசின் இறப்பு அறிவிப்புகளிலும் கடை விளம்பரங்களிலும் நம்மூர்ப் பெயர்களைத் தேடிப் பார்க்கலாம்.

பர்மா சென்ற கிளைகளின் கதை வேறு. 1942-இல் இலட்சக்கணக்கான இந்தியர் காட்டு வழியும் மலை வழியுமாக நடந்தே திரும்பினர். வழியில் மாண்டோர் பலர். 1962-இல் இராணுவ ஆட்சி வந்து, அடுத்த இரண்டாண்டுகளில் கடைகள் அரசுடைமையானபின் மற்றொரு கூட்டத்தார் வெறுங்கையோடு வந்தனர். 'பர்மாவுக்குப் போனவர், திரும்பவில்லை' என்ற ஒரே வரியோடு நின்றுபோன பெயர்கள் நம் குடும்பங்களில் உண்டு. சட்ட நூல்கள் மஃப்கூத் என்று சொல்லும் நிலை அது. உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று அறியாமல், ஒவ்வொரு தபால்காரரையும் எதிர்பார்த்துக் காலம் கழித்த பெண்கள் அந்த வரிக்குப் பின்னால் இருக்கின்றனர்.

அப்படி ஒருவரைத் தேடுவோர் 'அவர் எங்கே மவுத்தானார்' என்பதை ஓராண்டு இலக்காக வைத்தால் மனம் உடைவர். அவருடைய கடைசிக் கடிதம் எந்த ஆண்டு வந்தது என்பது ஓராண்டுக் கேள்வி. உறையின் மேல் ரங்கூனின் எந்தத் தெரு இருந்தது என்பது மற்றோர் ஆண்டுக் கேள்வி. அதே தெருவிலிருந்து நடந்து திரும்பிய வேறு ஊர்க் குடும்பம் எது என்பது அதற்கடுத்த கேள்வி. இறுதி விடை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அவருடைய பெயரும், தொழிலும், தெருவும், அவருக்காகக் காத்திருந்தவளின் பெயரும் எழுத்தில் நிலைத்துவிட்டால், அவர் ஒரே வரியில் மறைந்தவராக இனி இருக்க மாட்டார்.

பேண வேண்டிய நெறிகள்

இப்பணியில் அமானிதம் உண்டு. ஒருவர் நம்பிக்கையோடு சொன்ன செய்தியை ஊரறியச் செய்யலாகாது. இரண்டாம் மணம், தலாக், கடன், வழக்கு, நோய் ஆகியவை குறித்த செய்திகளைத் தனித்தாளில் எழுதி வைத்தல் வேண்டும். வாழ்ந்துகொண்டிருப்போரின் விவரங்களை அவர் ஒப்புதலின்றி வெளியிடலாகாது. அதே வேளையில், சொத்தில் ஒருவருக்கு உள்ள உரிமை தெரியவருமாயின் அதனை மறைப்பதும் அமானித மோசடியே ஆகும்.

குடும்பத்தில் தொடர்ந்து வரும் நோய்களை அறிந்து வைப்பதும் நலம். மாமன் மகளையும் மாமி மகளையும் மணப்பது நம்மிடையே வழக்கம். நெருங்கிய உறவில் தொடர்ந்து மணம் நிகழும்போது சில மரபு நோய்கள் பிள்ளைகளில் வெளிப்படும் வாய்ப்பு கூடுகிறது. பிறவிச் செவிட்டுத்தன்மை, இரத்தக் குறைபாடு போன்றவை முன் தலைமுறையில் எவருக்கேனும் இருந்தனவா என்று தெரிந்தால், திருமணத்திற்கு முன்னரே மருத்துவரிடம் ஆலோசனை கேட்க இயலும்.

உண்மையை மீறலாகாது என்பதும் இன்றியமையாத நெறி. சான்றில்லாமல் அரபு நாட்டு வம்சத்தோடும் இறைநேசர் வழியோடும் தம் மரத்தை ஒட்டவைத்துக்கொள்ளும் ஆசை சிலருக்கு வரும். நம் முன்னோர் இந்த மண்ணில் நெய்தும், உழுதும், கப்பல் ஓட்டியும், சந்தையில் சுமை தூக்கியும் உழைத்தவராக இருந்தால் அதில் குறை ஒன்றும் இல்லை. தெரிந்த இடத்தில் பெயரும், தெரியாத இடத்தில் 'தெரியவில்லை' என்ற சொல்லும் இருப்பதே நேர்மையான கணக்கு.

ஆண்டிறுதிக் கணக்கு

ஆண்டின் தொடக்கம் எது என்ற ஐயம் வேண்டாம். இப்பொதுக்கூட்ட நாளே தொடக்கமாக இருக்கட்டும். இந்நாளில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு தாளை எடுத்து, மேலே இவ்வாண்டின் ஒரே கேள்வியை எழுதுக. அதன் கீழ், அக்கேள்விக்காகச் செய்யப்போகும் மூன்று வேலைகளை எழுதுக. ஒவ்வொரு வேலைக்கும் எதிரே அதனைச் செய்யப்போகிறவரின் பெயர் இருக்கட்டும். 'எல்லோரும் செய்வோம்' என்று எழுதினால் எவரும் செய்யமாட்டார். மூன்று வேலைகளுள் ஒன்று பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட ஒரு பிள்ளையிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். நமக்குப்பின் இதனைத் தொடரப்போவது அவர்களே.

அடுத்த பொதுக்கூட்டத்திற்கு முந்தைய வாரத்தில் அத்தாளைத் திரும்ப எடுத்து, தெரிந்தது எது, சொன்னவர் யார், எஞ்சியது எது என மூன்று வரி எழுதினால் போதும். எஞ்சியது அடுத்த ஆண்டின் இருப்பாக முன்னெடுத்துச் செல்லப்படும். ஓராண்டு நோயாலோ பயணத்தாலோ ஒன்றும் செய்ய இயலாமற்போனால், 'இவ்வாண்டு வரவு இல்லை' என்று எழுதி அடுத்த ஆண்டைத் தொடங்குக. வரவில்லாத ஆண்டிலும் கணக்கை மூடிவிடாதிருப்பதே முக்கியம்.

நிர்வாகப் பெருமக்களுக்கும் பணிவுடன் ஒரு வேண்டுகோள். நம் பள்ளியின் பழைய தப்தர்களை ஈரம் படாத அலமாரியில் வைத்து, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, ஒரு பிரதியைப் பள்ளிக்கு வெளியே வைப்பதை இவ்வாண்டின் தீர்மானங்களுள் ஒன்றாகக் கொள்ள வேண்டுகிறோம். கணினி அறிந்த இளைஞர்கள் நால்வர் ஓய்வு நாள்களில் உழைத்தால் இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. தாளைப் புரட்டும்போது பொறுமையும், வாசித்ததை வெளியே பேசாதிருக்கும் நாணயமும் அவர்களுக்கு இருத்தல் வேண்டும்.

தாய்மார்களிடமும் ஒரு சொல். 'எனக்கு என்ன தெரியும், நான் படிக்காதவள்' என்று ஒதுங்கிவிடாதீர்கள். எந்த அலுவலகத்திலும் கிடைக்காத ஏடு உங்கள் நெஞ்சில் இருக்கிறது. பிள்ளைகள் கேட்கவில்லையானால் நீங்களே அழைத்து உட்கார வைத்துச் சொல்லுங்கள். இளைஞர்களே! இந்தக் கூட்டம் முடிந்து வீடு திரும்பியதும், உங்கள் குடும்பத்தில் வயதில் மூத்தவர் யார் என்று கேளுங்கள். இந்த வெள்ளிக்கிழமைக்குள் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டு, விடையை எழுதி, கீழே அவர் பெயரையும் தேதியையும் குறியுங்கள். இவ்வாண்டுக் கணக்கின் முதல் வரவு அதுவாக இருக்கட்டும்.

நம் முன்னோரின் பிழைகளைப் பொறுத்து, அவர்களின் மண்ணறைகளை வல்ல நாயன் ஒளிமயமாக்குவானாக! பிரிந்த உறவுகளை அறிந்து இணைக்கும் நற்பேற்றை நமக்கு அருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.